பஸ்ஸுக்கு வந்த இருமல்

ஆனைப்பள்ளத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்குகிற ஒரே பஸ்ஸுக்கு இருமல் வந்தது, புரட்டாசியில் பிடித்த மழை தை பிறந்தும் விடாமல் பெய்த வருஷத்தில். அந்த வருஷம் துணி காயவில்லை, ஏலக்காய் காயவில்லை, தீக்குச்சி நமத்துப்போய் உரசினால் மாவாக உதிர்ந்தது, கொடியில் தொங்கிய கருவாடு மறுபடியும் மீனாகி ஓடைக்குப் போய்விடுமோ என்று பெண்கள் அதைக் கயிறு போட்டுக் கட்டிவைத்தார்கள். அந்த மழையில்தான் பவுன்ராசு டீக்கடையின் பலாமரத் தூணில் காளான் முளைத்தது.

அது குடைக்காளான் இல்லை. காம்பில்லாமல், தூணோடு ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டு அடுக்கியதுபோல், வார்னிஷ் பூசிய சிவப்பில் மினுங்கியது. விரலால் தட்டினால் கதவைத் தட்டின சத்தம் கேட்டது. பவுன்ராசு அதைச் சுரண்டி எறியக் கத்தியை எடுத்தார். அவர் மனைவி அங்குத்தாய் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது மருந்துங்க. எஸ்டேட்ல எங்கம்மா நெஞ்சுச்சளிக்கு இதைத்தான் காய்ச்சிக் குடுக்கும்."

அரிவாள்மணையில் அதை வற்றல்போல் சீவி, அடுப்புக்கு மேலே பரணில் காயப்போட்டு, சுக்கும் மிளகும் கருப்பட்டியும் சேர்த்துக் கறுக்கிறவரை காய்ச்சினாள். வாசனை நனைந்த விறகுபோல் இருந்தது. கசப்பு நாக்கின் அடியில்போய் உட்கார்ந்துகொண்டது.

"கஷாயம்னு சொன்னா எவன் குடிப்பான்?" என்றார் பவுன்ராசு. "ரெண்டு சிட்டிகை டீத்தூளைப் போட்டு, காளான் டீன்னு சொல்லு. டீன்னு சொல்லிட்டா நம்ம ஆளு வேப்பெண்ணெயைக்கூட ஊதி ஊதிக் குடிப்பான்."

"சரி. ஆனா நீங்க இதை ஆத்தக் கூடாது. எங்கம்மா ஆத்தாமத்தான் குடுக்கும். நுரை கட்டினா மருந்து திரும்பிப் பாத்துருமாம்."

"திரும்பிப் பாத்துருமாமா? அப்படின்னா?"

"எனக்கென்ன தெரியும். அது சொன்னதைச் சொல்றேன்."

பவுன்ராசுவுக்கு இது பெரிய அடி. அவருடைய டீ நன்றாக இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அவர் ஆற்றுகிற அழகைப் பார்க்க, மேல் எஸ்டேட்டிலிருந்துகூட இறங்கி வருவார்கள். வலக்கையில் குவளை தலைக்கு மேலே போகும், இடக்கை டம்ளர் இடுப்புக்குக் கீழே இறங்கும், நடுவில் டீ மூன்று முழக் கயிறுபோல் தொங்கும், ஒரு சொட்டு கீழே விழாது. அவரைப்போய் ஆற்றாதே என்றால், தவிலடிக்கிறவரைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்வதுபோல. இருந்தாலும் அங்குத்தாய் சொல்லைத் தட்டுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

காளான் டீயை முதலில் குடித்தவன் அங்குத்தாயின் சின்னம்மா மகன் சுருளியாண்டி. ஏலக்காய் உலர்த்துகிற புகைக்கூடத்தில் பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்தான். அன்று பிடித்த இருமல், வயது நாற்பத்து மூன்று ஆகியும் விடவில்லை. இருமினால் நாய் எழுந்து நிற்கும், கூரைத் தகரம் அதிரும். மூன்று இடத்தில் பெண் பார்க்கப் போனான். மூன்றாவது இடத்தில், பெண்ணின் பெயரைக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தான், இருமல்தான் வந்தது, கேசரித் தட்டு பெண்ணின் தகப்பனார் மடிக்குப் போயிற்று. அதற்குப் பிறகு அவன் பெண் பார்க்கவும் போகவில்லை, முழு வாக்கியம் பேசவும் முயலவில்லை. "ம்" என்பான், "சரி" என்பான், தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வான்.

அன்று சாயங்காலம், ராத்திரி தங்குவதற்காகக் கடை ஓரம் நிறுத்தியிருந்த பஸ்ஸின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, சுருளியாண்டி ஆற்றாத காளான் டீயை முழுக்கக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான். தொண்டையைத் தடவிப் பார்த்தான். ஆள் இல்லாமல், சாவி இல்லாமல், இஞ்சின் அணைந்து நின்ற பஸ் ஒரு தடவை குலுங்கி, நெஞ்சின் அடியிலிருந்து இருமியது.

"அட, உன் இருமல் பஸ்ஸுக்குப் போயிருச்சுடா தம்பி," என்றாள் அங்குத்தாய், சர்க்கரை டப்பாவை மூடிக்கொண்டே.

"ஆமாக்கா, போயிருச்சுபோல," என்றான் சுருளியாண்டி. அதுதான் அவன் எங்களுக்குத் தெரிந்து பேசிய முதல் முழு வாக்கியம். நாங்கள் எல்லாரும் அதைத்தான் ஆச்சரியமாகப் பார்த்தோம். பஸ் இருமியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு மழையில் எதற்குத்தான் சளி பிடிக்காது?

அதற்குப் பிறகு கடையில் கூட்டம் தாங்கவில்லை. குடிக்கிறவர்களின் கை எதன்மேல் இருக்கிறதோ, நோய் அதற்குப் போனது. மேலத்தெரு குருவம்மாளின் இடது மூட்டுவலி கடை பெஞ்சின் இடது காலுக்குப் போனது. அன்றுமுதல் மழை மூட்டமாக இருந்தால் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை, அங்குத்தாய்தான் அதற்குத் தைலம் தேய்த்து விடுவாள். செல்லையாவின் விக்கல் பக்கத்து ரேஷன் கடைத் தராசுக்குப் போனது. விக்குகிறபோது ஒரு கை அரிசி கூடுதலாக விழும் என்பதால் வரிசையில் நின்றவர்கள் விக்கலுக்காகக் காத்திருந்தார்கள். காவல்காரர் சின்னமாயனின் தூக்கமின்மை தெருவிளக்குக்குப் போய், அது பகலிலும் கண் மூடாமல் எரிந்தது, அவர் அதன் அடியிலேயே துண்டை விரித்துக் குறட்டை விட்டார். ஊர்த் தலைவரின் வாயுத் தொல்லை, அவர் சாய்ந்து நின்ற கம்பத்தில் கட்டியிருந்த மைக்செட் குழாய்க்குப் போனது. அது ஊருக்கு அறிவிப்பு செய்கிறபோதெல்லாம் நடுவில் ஏப்பம் விட்டது. தலைவர் பேசுவதே கம்பீரமாகிவிட்டது என்று சிலர் சொன்னார்கள்.

இப்படி ஊரில் ஒரு புது மரியாதை வந்தது. விருந்தாளி வீட்டுக்குப் போனால், நாற்காலியில் உட்காருமுன் "இதுக்கு உடம்பு நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தோம். கடைக்கு வருகிறவர்கள் அடுத்தவர் சாமானைக் கெடுக்க வேண்டாம் என்று, கையோடு உடைந்த குடையோ ஓட்டைக் குடமோ எடுத்துவந்தார்கள்.

ஆனால் பஸ் எல்லாருடைய சாமான். அதன் இருமல் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. வளைவுக்கு வளைவு செருமும். மூன்றாம் வளைவில், ஆனைப்பாறைக்கு எதிரே ஏற்றம் கடுமையாக இருக்கிற இடத்தில், அடிவயிற்றிலிருந்து இருமும், ஆட்கள் சீட்டிலிருந்து அரையடி எழும்பி உட்காருவார்கள். கண்டக்டர் ஜெயசீலன் இருமல் முடிகிறவரை விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்து, அப்புறம் "ரைட், ரைட்" என்பார். ரேடியேட்டரில் சுக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். புரை ஏறினதுபோல் பஸ் திணறுகிறபோது, பிள்ளைகள் எழுந்து நின்று கூரையில் மெதுவாகத் தட்டிக்கொடுத்து, "யாரோ நினைக்கிறாங்க, யாரோ நினைக்கிறாங்க" என்பார்கள்.

அந்த பஸ்ஸில்தான் இந்திராணி வந்தாள். டவுனில் தையல் கடை வைத்திருந்தவள், முப்பத்தேழு வயது. தம்பி தங்கைகளைக் கரையேற்றிய பிறகு தன் கணக்கைப் பார்க்க மறந்துவிட்டவள். திங்கள், புதன், வெள்ளி மேலே ஏறி வந்து, எஸ்டேட் லைன் வீடுகளிலும் எங்கள் தெருக்களிலும் ஜாக்கெட்டுக்கு அளவெடுத்து, தைத்ததைக் கொடுத்துவிட்டுப் போவாள். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். வாய் கத்தரிக்கோல் மாதிரி.

சுருளியாண்டி அந்த மூன்று நாளும் டவுனுக்கு ஏலக்காய் சாம்பிள் கொண்டுபோகிற வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். புதுச் செருப்புப் போட்டவன் நடப்பதுபோல் ஒவ்வொரு வார்த்தையாக வைத்துப் பேசினான். மழையைப் பற்றிப் பேசினான், நூல் விலையைப் பற்றிக் கேட்டான். அவன் குரல் அத்தனை வருஷம் செலவாகாமல் இருந்ததால் புதிதாகவும் நல்ல கனமாகவும் இருந்தது. ஒருநாள் இந்திராணி, "உங்க குரலைக் கேட்டா மிஷினுக்கு எண்ணெய் விட்ட மாதிரி இருக்கு," என்றாள். அவன் அன்று இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

ஒரே ஒரு தொல்லை. பஸ் இருமினால், பழக்கத்தில் சுருளியாண்டியின் கை துண்டை எடுத்து வாயைப் பொத்தியது.

"பஸ் இருமினா நீங்க ஏன் வாயைப் பொத்துறீங்க?" என்று கேட்டாள் இந்திராணி.

"ஒரு மரியாதைக்கு," என்றான்.

"நல்ல மரியாதை. இந்த இருமலை எவன் பெத்தானோ தெரியலை. குத்தின ஊசியெல்லாம் கொட்டிப்போகுது. கையில கிடைச்சா அவன் வாயைத் தைச்சு விட்டுருவேன்."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் எவன் பெற்றான் என்று தெரியும். செல்லையா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார், ஜெயசீலன் டிக்கெட் கட்டைச் சரிபார்த்தார். ஊரில் ஒரு ரகசியமும் ஒரு பொழுதுக்குமேல் தங்கினதில்லை, இது மூன்று மாதம் தங்கியது. இன்னொன்றும் நாங்கள் கவனித்தோம், சரியாகச் சொன்னால் முதலில் கவனித்தவர் ஜெயசீலன். இந்திராணி ஊரில் எல்லா ஆண்களையும் "அண்ணே" என்று கூப்பிட்டாள். சுருளியாண்டியை மட்டும் எப்படியும் கூப்பிடவில்லை.

இதற்கு நடுவில் மருந்து திரும்பிப் பார்த்தது. மிளகு வாங்க வந்த ஒரு வெளியூர் வியாபாரி, கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று, "அதென்ன காளான் டீ, நமக்கும் ஒன்னு போடுங்க," என்றார். புது ஆளைக் கண்டதும் பவுன்ராசுவின் கை அவர் பேச்சைக் கேட்காமல் மேலே போய்விட்டது. நுரை கட்ட ஆற்றிக் கொடுத்தார். வியாபாரி பாதி டம்ளர் குடித்தார், "ஐயோ என் முட்டி" என்று உட்கார்ந்துவிட்டார்.

குருவம்மாள் வந்து அவர் நடையைப் பார்த்தாள். "இது என்னோடதுதான். இடது பக்கம்தான் இழுக்கும், மாடிப்படியைக் கண்டா கோபம் வரும்," என்றாள். பெஞ்சை அழுத்திப் பார்த்தோம். அதற்கும் வலி இருந்தது, ஆனால் பாதிதான். ஆக, ஆற்றாமல் குடித்தால் நோய் ஆளைவிட்டுப் போகிறது, ஆற்றிக் குடித்தால் பிடித்திருக்கிற சாமானிலிருந்து ஆளுக்கு வருகிறது, எவ்வளவு குடிக்கிறோமோ அவ்வளவுதான் வருகிறது. வியாபாரிக்கு ஆற்றாத டீ ஒன்று கொடுத்து, பெஞ்சைப் பிடிக்கச் சொல்லி, வலியைத் திருப்பி வைத்து அனுப்பினோம். அங்குத்தாய் பவுன்ராசுவின் வலக்கையை மூன்று நாள் தோள் துண்டால் கட்டிப்போட்டாள்.

மாசி முதல் வாரத்தில் டிப்போவிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். மூன்றாம் வளைவில் பஸ் இருமியதில் அவருடைய மூக்குக்கண்ணாடி ஜன்னல் வழியாகப் பள்ளத்துக்குப் போயிற்று. அவர் இறங்கி நின்று, எங்களில் யார் யார் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் ஒரு மரத்தைப் பார்த்துப் பேசினார்.

"வண்டி ஆயுள் முடிஞ்சது. கழிச்சுர வேண்டியதுதான். இந்த ரோட்டுக்கு வேற வண்டி குடுக்க வழியில்லை."

"சார், இது இஞ்சின் இருமல் இல்லை," என்றார் தலைவர். "எங்க ஊர் ஆளோட இருமல்."

"யார் இருமலா இருந்தா என்ன? அடுத்த திங்கக்கிழமை வருவேன். அன்னைக்கும் இருமினா, அதுதான் கடைசி நடை."

பஸ் இல்லையென்றால் ஏலக்காய் தலைச்சுமையாக இறங்க வேண்டும், பிரசவத்துக்குக் கட்டிலில் தூக்கிப்போக வேண்டும், பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிப்பை நிறுத்த வேண்டும். ஊர் முழுக்க அதையே பேசியது. சுருளியாண்டி சனிக்கிழமை பொழுது சாயும்போது கடைக்கு வந்தான். முகம் மழித்திருந்தான். பஸ்ஸின் பக்கத்தில் போய் நின்று, முதல் நாள் ஊன்றின அதே இடத்தில் கையை வைத்தான்.

"மாமா, காளான் டீ ஒன்னு. நல்லா ஆத்திப் போடுங்க."

காளான் டீயை ஆற்றுவதற்காக நான்கு மாதம் ஏங்கிக் கிடந்த பவுன்ராசு, குவளையை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மாப்ளே, யோசிச்சுத்தான் சொல்றியா?"

"என்னோடதுதானே மாமா. நான் எடுத்துக்கிட்டாத்தானே சரி."

அங்குத்தாய் அடுப்பைவிட்டு வெளியே வந்தாள். "எடுத்துக்கிட்டு? அந்தப் பிள்ளைகிட்ட என்னடா பேசுவ? உன் குரலைத்தானேடா அவளுக்குப் பிடிச்சிருக்கு."

"பேச வேண்டாம்க்கா. பஸ் இருந்தாத்தான் அவங்க மேல வருவாங்க. நான் கடைசி சீட்டுல உக்காந்து இருமிக்கிறேன். இப்ப பஸ்ஸைத் திட்டுறாங்க, அப்ப என்னைத் திட்டுவாங்க. தூரத்துல இருந்தாலும் கேக்கும்ல."

பவுன்ராசுவுக்குக் கண் கலங்கியது. அங்குத்தாய்க்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் ஊருக்கு நல்லது நடக்கும்.

"ஏண்டா, ஒருத்தன் வீட்டுக் கல்யாணத்தை ஒருத்தன் தனியாச் சுமந்திருக்கானா இந்த ஊர்ல? காதுகுத்துக்கு மொய் செய்யறோம், சடங்குக்கு மொய் செய்யறோம், கிடாவெட்டுக்குச் செய்யறோம். இருமலுக்குச் செய்ய மாட்டோமா? ஆளுக்கு ஒரு மடக்கு குடிச்சா ஆளுக்கு ஒரு இருமல். செத்தா போயிருவோம்?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பஸ் காலையில் ஒரு தடவை இறங்கி ஏறிவிட்டால் அப்புறம் சாயங்காலம்தான். பஸ்ஸுக்கு முன்னால் பந்தல் போட்டோம், வாழை கட்டினோம், பஸ்ஸின் நெற்றியில் சந்தனம் வைத்தோம். மிச்சமிருந்த காளான் வற்றல் முழுவதையும் அங்குத்தாய் அண்டாவில் கொட்டிக் காய்ச்சினாள். எழுத நோட்டு வேண்டாம், மைக்கில் சொன்னால் போதும் என்று முடிவானது. மைக்செட் கருத்தபாண்டி மொய் வாசிப்பதில் சுற்று வட்டாரத்தில் பேர் வாங்கியவன்.

பவுன்ராசு குளித்து, திருநீறு பூசி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஆற்றத் தொடங்கினார். அன்று அவர் ஆற்றின ஆற்றலை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. டீ குவளையிலிருந்து டம்ளருக்கு இறங்கியது, டம்ளரிலிருந்து குவளைக்கு ஏறியது, நடுவில் வெயில் பட்டு வானவில் ஒன்று பந்தல் காலுக்கும் பஸ் கண்ணாடிக்குமாகப் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை போகவேயில்லை. ஒவ்வொருவராக ஒரு கையை பஸ்ஸில் வைத்து ஒரு மடக்குக் குடித்தோம்.

"மேலத்தெரு குருவம்மா..." என்று கருத்தபாண்டி இழுத்தான், குழாய் ஒரு ஏப்பம் விட்டது, "...சுருளியாண்டி இருமலுக்கு மொய், இருமல் ஒன்று!"

மலை நான்கு பக்கமும் "ஒன்று, ஒன்று" என்றது.

மொய் என்றால் வம்பு இல்லாமல் இருக்குமா? செல்லையா தன் மகள் சடங்குக்கு சுருளியாண்டி வீட்டில் முக்கால்வாசிதான் செய்தார்கள் என்று சொல்லி, முக்கால் மடக்குக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். தலைவர் பத்து என்று அறிவிக்கச் சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடிக்கப் பார்த்தார். குருவம்மாள் அவர் டம்ளரை முகர்ந்து பார்த்துப் பிடித்துவிட்டாள். அப்புறம் உண்மையாகவே இரண்டு எடுத்தார். சுருளியாண்டியின் தாய்மாமன் அடுத்த மலையிலிருந்து கொட்டுமேளத்தோடு, தேங்காய் பழத் தட்டு தூக்கிய ஏழு பெண்களோடு வந்து, "தாய்மாமன் சீர், இருமல் அஞ்சு!" என்று சொல்லச் சொல்லி, அஞ்சு மடக்கும் நின்றபடி குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு இருமாமல் அடக்கிக்கொண்டே போனார். நானும் ஒன்று எடுத்தேன். என் பெயரை மைக்கில் சொல்ல வேண்டாம் என்று கருத்தபாண்டியிடம் போய்ச் சொன்னேன். அதையும் சேர்த்து மைக்கில் சொல்லிவிட்டான்.

பஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. காலையில் குலுங்கிக்கொண்டிருந்தது, மத்தியானம் வெறும் செருமலாகி, சாயங்காலம் பூனை தும்முகிற அளவுக்கு வந்துவிட்டது. அண்டாவைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் இரண்டு மடக்கு இருந்தது. சுருளியாண்டி அதில் ஒன்றாவது தனக்கு வேண்டும் என்று நாள் முழுக்கக் காத்திருந்தவன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

அப்போதுதான் மேட்டிலிருந்து இந்திராணி இறங்கி வருவதைப் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வருவதில்லை. ஆனால் லைன் வீட்டில் ஒரு கல்யாண ஜாக்கெட் அவசரம் என்று காலை பஸ்ஸிலேயே ஏறிவந்து, நாங்கள் பந்தல் கால் நடுமுன்னே குறுக்குப் பாதையில் மேலே போயிருக்கிறாள். ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்த பாதிக்கு நினைவில்லை. அதைவிடப் பெரிய தப்பு, மூன்று மாதம் வாயைக் கட்டிக் காத்த ரகசியத்தைக் காலையிலிருந்து குழாய் வைத்து மலைக்கெல்லாம் கத்திக்கொண்டிருந்தோம். கருத்தபாண்டி மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

இந்திராணி நேராக பஸ்ஸுக்கு வந்தாள்.

"மறைக்காதீங்கண்ணே. எல்லாம் கேட்டுச்சு. லைன் வீட்டுல அளவெடுக்கிறேன், சுருளியாண்டி இருமல், சுருளியாண்டி இருமல்னு ஒரு கை எடுக்க ஒரு மணி நேரம். ஒரு ஜாக்கெட்டுக்கு மூணு கை வெட்டிட்டேன்."

அவள் சுருளியாண்டியின் பக்கம் திரும்பினாள்.

"நான் எவ்வளவு திட்டியிருப்பேன். ஒரு தடவையாவது அது என்னோடதுன்னு சொன்னீங்களா?"

"நீங்க திட்டினது நல்லா இருந்துச்சு," என்றான் சுருளியாண்டி. குரல் பாதிதான் வந்தது, இருமலே இல்லாமல்.

இந்திராணி தரையைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள்.

"மிச்சம் எவ்வளவு இருக்குண்ணே?"

"ரெண்டு மடக்கும்மா," என்றார் பவுன்ராசு. "இதோட தீந்துச்சு. தூண்லயும் காளான் இல்லை."

"எனக்கு ஒன்னு ஆத்துங்க."

பவுன்ராசு ஆற்றினார். அந்த ஒரு மடக்கு டீயை அவர் வானத்துக்கும் பூமிக்குமாக அவ்வளவு நேரம் ஆற்றினார். அங்குத்தாய் முழங்கையால் இடித்த பிறகுதான் கொடுத்தார். இந்திராணி இடக்கையை பஸ்ஸில் வைத்து, முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள். கருத்தபாண்டி மைக்கை வெளியே எடுத்தான், வாயைத் திறந்தான், மூடினான். மொய் வாசிப்பதில் பேர் வாங்கினவனுக்கு வழி தெரியவில்லை.

"எந்தத் தெருன்னு சொல்றது? நீங்க நம்ம ஊர்லயே இல்லையே தாயீ."

இந்திராணி வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கழுத்திலிருந்த அளவு டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் வெட்கப்பட்டு நாங்கள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"பொண்ணு வீடுன்னு சொல்லுங்கண்ணே."

குழாய், தலைவரின் வயிற்றில் இருந்ததையெல்லாம் சேர்த்து, அதன் வாழ்நாளிலேயே நீளமான ஏப்பத்தை விட்டது. அது முடிகிறவரை ஊரே காத்திருந்தது. பிறகு கருத்தபாண்டி தொண்டை கிழியக் கத்தினான்: "பொண்ணு வீடு! இருமல் ஒன்று!" பெண்கள் குலவை போட்டார்கள். தாய்மாமனின் கொட்டுக்காரர்கள் அடுத்த மலைக்குப் பாதி வழியில் இருந்தவர்கள், அங்கிருந்தே கெட்டிமேளம் அடித்தார்கள்.

"மாப்ளே, நீ என்ன சொல்ற?" என்றார் பவுன்ராசு, கடைசி மடக்கை நீட்டிக்கொண்டே.

சுருளியாண்டி அதை வாங்கி, பஸ்ஸில் கை வைத்துக் குடித்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். இருபத்தாறு வருஷம் கூட இருந்த அந்த இருமல், சின்னக் குட்டியாக, ஒன்றே ஒன்று வந்தது. நாங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். மொத்தம் நூற்றுப் பதினான்கு இருமல் என்று இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். அது தப்பு. செல்லையாவைக் கணக்கில் எடுத்தால் நூற்றுப் பதிமூன்றே முக்கால்.

திங்கட்கிழமை காலையில் ஊரில் பாதிப் பேர் பஸ்ஸில் இறங்கிப் போய், புதுக் கண்ணாடி போட்டிருந்த ஆபீசரை ஏற்றிக்கொண்டு வந்தோம். முதல் வளைவில் பஸ் பேசவில்லை. இரண்டாம் வளைவிலும் பேசவில்லை. மூன்றாம் வளைவில், ஆனைப்பாறைக்கு எதிரே, அந்த இருமலுக்குப் பழகிப்போன இடத்தில், பஸ் பட்டுப்போல் ஏறியது. உள்ளே இருந்த நாங்கள் ஐம்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஆளுக்கு ஒரு தடவை இருமினோம். ஆபீசர் புதுக் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஜெயசீலன் விசிலை எடுத்துவிட்டு, வாயைத் துடைத்து, "ரைட், ரைட்" என்றார்.

ஆபீசர் இஞ்சினைத் திறந்து பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், மூடினார்.

"வண்டிக்கு ஒன்னுமில்லை. உங்க ஊர் ஜனங்களுக்குத்தான் யாராவது மருந்து குடுக்கணும்."

"குடுத்துட்டோம் சார்," என்றாள் அங்குத்தாய். அவருக்குச் சாதாரண டீயே போடச் சொன்னாள்.

அந்தப் பங்கு இருமல் இன்னும் எங்களிடம் இருக்கிறது. பஸ் மூன்றாம் வளைவு ஏறும்போது, நாங்கள் எங்கே இருந்தாலும், தோட்டத்தில் இருந்தாலும் அடுப்படியில் இருந்தாலும், ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போகும். அதை வைத்துத்தான் உலையை இறக்கிவைத்து, குடையை எடுத்துக்கொண்டு, ஸ்டாப்புக்கு நடக்கிறோம். ஒருநாளும் பஸ்ஸை விட்டதில்லை. பலாமரத் தூணில் காளான் மறுபடி முளைக்கவில்லை. மழை பெய்தால் விடிந்ததும் முதல் ஆளாய்ப் போய் அந்தத் தூணைத் தடவிப் பார்ப்பது சுருளியாண்டிதான், வாங்கின மொய்யை அவன் ஊருக்கெல்லாம் திருப்பிச் செய்தாக வேண்டுமே. பின்னாலேயே இந்திராணி, அளவு டேப்போடு.

இப்போது அவர்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் ஒரே சீட்டில்தான் வருகிறார்கள். மூன்றாம் வளைவு வரும்போது அவன் பழக்கத்தில் தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்கிறான். துண்டின் மறுமுனையை அவள் எடுத்துக்கொள்கிறாள்.